மார்கழி வெயிலும் சுண்ணாம்புச் சுவரும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் காரில் சுற்றிப் பழைய கட்டடங்களைப் படமெடுக்க மார்கழிதான் சரியான மாதம். குளிருக்காகச் சொல்லவில்லை, சூரியனுக்காக. நம்ம அட்சரேகை சுமார் 13 டிகிரி. ஏப்ரல் கடைசியில் உச்சி வெயில் நேராகத் தலைமேல் இறங்கும். டிசம்பர் 21 வாக்கில் நடுப்பகலில்கூட 54 டிகிரிக்கு மேல் ஏறாது. காலை எட்டு மணிக்குத் தெற்குப் பார்த்த சுவரை வெயில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு நிழல் விழும்.

இன்னொரு காரணமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் காய ஆரம்பிக்கும் நேரம் இது. ஈரம் வெளியே வரும்போது உப்பையும் இழுத்து வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு ஓட்டு வீடு. ஆள் இல்லை. சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு அடியில் மூன்றடி உயரத்துக்கு யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். பாதுகாப்புன்னு நினைச்சுதான் பூசியிருப்பாங்க. ஆனால் சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அந்த அளவுக்கு விடாது. ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் வெளிவரும். அங்கே செங்கல்லின் துளைகளுக்குள் உப்பு படிகமாகி, செங்கல்லை மாவாக உதிர்க்கும். படத்தில் அப்படியே தெரியுது: சிமெண்ட் பட்டை முழுசா நிக்குது, அதுக்கு மேலே ஒரு அடிக்குச் செங்கல் குழிந்து போயிருக்கு.

இதே வட்டாரத்தில் 2014 நவம்பரில் மூடிய நோக்கியா ஆலையைப் பின்னர் சால்காம்ப் வாங்கியது. கம்பெனிக் கட்டடத்துக்கு அடுத்த ஓனர் கிடைக்கலாம். ஓட்டு வீட்டைத் தேடி வருகிறவருக்கோ பெரும்பாலும் நிலம்தான் வேண்டும். அதனால் நான் எடுக்கும் படத்தில் அழகு இரண்டாம்பட்சம். முதலில் முகப்பு முழுவதும், நேராக நின்று. பிறகு ஒவ்வொரு சேதமும், பக்கத்தில் ஒரு அடி ஸ்கேல் வைத்து. அது இல்லாவிட்டால் செங்கல் என்ன அளவு என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. போனில் லொகேஷன் ஆன் செய்திருக்கணும்.

பக்கத்து டீக்கடையில் யார் வீடு என்று கேட்டுவிட்டு எடுங்கள். திண்ணையோடு நின்றுவிடுங்கள். உத்திரத்தைக் கரையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது கீழேயிருந்து தெரியாது.