பையன் கிடாரோடு வருகிறானா? முதலில் காதைக் கவனியுங்கள்!

உங்கள் வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருக்கிறதா? சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கும்போது அழுக்குத் துணி மூட்டையோடு முதுகில் ஒரு கறுப்புப் பையும் தொங்குகிறதா? பதறாதீர்கள். உள்ளே இருப்பது கிடார். இன்னும் நாலு நாளில், "ஃப்ரெண்ட்ஸெல்லாம் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பிச்சிருக்கோம்ப்பா" என்று செய்தி வரும். அதற்கும் பதறாதீர்கள். ஆனால் ஒன்றிரண்டு விஷயங்களுக்குப் பதறத்தான் வேண்டும். அவை என்ன என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் அக்கா மகன் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வல்லம் பக்கத்தில் இன்ஜினீயரிங் படிக்கிறான். ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்தார்கள். ஒருவன் கும்பகோணம், ஒருவன் மன்னார்குடி, டிரம்ஸ் வாசிக்கிற பையன் பாபநாசம். டிரம்ஸ் வாடகைக்கு. பயிற்சிக்கு இடம் வேண்டுமே! பாபநாசம் பையனின் பெரியப்பாவுக்கு ஒரு பழைய நெல் குடோன் இருந்தது. மேலே தகரம், கீழே சிமெண்ட் தரை, சுற்றிலும் மொட்டைச் சுவர். அறுவடைக் காலம் தவிர மற்ற நாளில் காலி. ஞாயிறுதோறும் அங்கேதான் கச்சேரி.

முதல் நிகழ்ச்சி ஹாஸ்டல் டே. மூன்று பாட்டு, அதில் ஒன்றில் கிடார் தந்தி அறுந்தது. இருந்தாலும் கைதட்டல்! அடுத்து பக்கத்துக் காலேஜில் ஒன்று. மூன்றாவது, ஒரு மண்டபத்தில். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தவன் சாப்பிடும்போது சொன்னான்: "மாமா, காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரி இருக்கு."

"தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிடும்டா" என்றேன். நான் செய்த முதல் தப்பு அது.

இரண்டு நாள் கழித்து எங்கள் அம்மாதான் கண்டுபிடித்தார். "ஏன்டா, இவன் டி.வி.யை இவ்வளவு சத்தமா வச்சுப் பாக்குறான்? எனக்கே காது வலிக்குது." எழுபத்தாறு வயது அம்மாச்சிக்குக் கேட்பது இருபது வயதுப் பேரனுக்குக் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்?

டாக்டரிடம் போவோம். அதற்கு முன், அக்கா கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: "நம்ம தஞ்சாவூருக்கும் இந்த ராக்குக்கும் என்னடா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது அக்கா! 1798 முதல் 1832 வரை ஆண்ட நம் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே மேல்நாட்டு வாத்தியங்களோடு ஒரு பேண்ட் வைத்திருந்தார். (அதே சரபோஜிதான் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை பார்த்து, குறிப்புகளும் எழுதி வைத்தவர். சரஸ்வதி மகால் நூலகத்தில் அவை இருக்கின்றன. பேண்டும் வைத்தியமும் ஒரே மனுஷர்!) வயலினும் கிளாரினெட்டும் வெளியிலிருந்து வந்தவைதான். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினைக் கையில் எடுத்தபோதும் யாராவது முகம் சுளித்திருப்பார்கள். இப்போது வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த குழுவில் இருந்தவர்தான் ஏ.ஆர்.ரஹ்மானும். சினிமாவுக்கு வருமுன் சென்னையில் ‘நெமிஸிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவைத் தொடங்கி வாசித்தார். இப்போது திருச்சி என்.ஐ.டி.யின் ‘ஃபெஸ்டம்பர்’, தஞ்சை சாஸ்த்ராவின் ‘குருக்ஷாஸ்த்ரா’ மாதிரி கல்லூரி விழாக்கள் வந்துவிட்டன. டெல்டாப் பையன்களுக்கு மேடை வாசலிலேயே இருக்கிறது.

"படிப்பு கெட்டுடுமே" என்பீர்கள். 1968-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படித்த பிரையன் மே, டிரம்ஸ்காரர் தேவை என்று கல்லூரி நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினார். வந்தவர் ரோஜர் டெய்லர், பல் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த மாணவர்! அதிலிருந்து பிறந்ததுதான் ‘குயீன்’. பாதியில் விட்ட டாக்டர் பட்டத்தை மே 2007-ல் முடித்தார். இதைப் பையனிடம் சொல்லிவிடாதீர்கள், அவனும் முப்பது வருஷம் தள்ளிப் போடுவான்.

இன்னொரு கதை நமக்கு ரொம்ப முக்கியம். 1996-ல் லண்டன் யுனிவர்சிடி காலேஜில் சேர்ந்த புதிதில் சந்தித்த நண்பர்கள் 1998 ஜனவரியில் லண்டன் கேம்டன் பகுதியில் ஒரு சின்ன இடத்தில் முதல் நிகழ்ச்சி நடத்தினார்கள். அப்போது ‘ஸ்டார்ஃபிஷ்’ என்று பெயர். இன்று அவர்கள் ‘கோல்ட்ப்ளே’. பாடகர் கிறிஸ் மார்ட்டினுக்குப் பல வருஷமாகக் காதில் இரைச்சல். 2012-ல் அதை வெளிப்படையாகச் சொன்னார். இளம் வயதிலேயே காதைப் பற்றி யோசிக்காமல் போனோமே என்பது அவருடைய வருத்தம். இப்போது காது அடைப்பான் இல்லாமல் மேடை ஏறுவதில்லை.

காதுக்குள் என்ன நடக்கிறது?

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள். அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்ணிய செல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய முடிகள். சத்தம் வரும்போது அவை ஆடும். அந்த ஆட்டம்தான் மூளைக்குச் செய்தியாகப் போகிறது.

கதிர் முற்றுகிற நேரத்தில் பருவம் தப்பிய மழை அடித்தால் சம்பாப் பயிர் சாயுமே, பார்த்திருப்பீர்கள். தண்ணீரைச் சீக்கிரம் வடித்துவிட்டால் கொஞ்சம் நிமிரும். திரும்பத் திரும்ப அடித்தால்? அழுகிவிடும். காதும் அப்படித்தான். ஒருநாள் கச்சேரிக்குப் பிறகு காது அடைத்த மாதிரி இருப்பதும், இரைவதும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகும். ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம்: வயலில் அடுத்த போகம் நட்டுக்கொள்ளலாம். மனிதனுக்கு அந்த முடிச்செல்கள் மறுபடி முளைப்பதே இல்லை. செத்தது செத்ததுதான்.

கணக்கு இதுதான். 85 டெசிபெல் சத்தத்தில் ஒருநாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. இப்படியே போனால் 100 டெசிபெல்லில் வெறும் 15 நிமிஷம்! டிரம்ஸும் இரண்டு ஆம்ப்ளிஃபையரும் உள்ள அறையில் 100-ஐத் தொடுவது சர்வ சாதாரணம். நம் பையன்கள் குடோனில் இரண்டு மணி நேரம் வாசித்தார்கள். அதாவது எட்டு நாள் கோட்டாவை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்த்தார்கள்.

"தவில், நாயனம் எல்லாம் சத்தம் இல்லையா?" என்று கேட்கலாம். சத்தம்தான். பல வருஷம் தவிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவர்களுக்கும் காது மந்தமாவது உண்டு. ஆனால் வீதி உலாவில் சத்தம் வெளியே பரவிப் போய்விடும். தகரக் கொட்டகையில் எங்கே போகும்? சுவரில் மோதி மறுபடி காதுக்கே வரும்.

டாக்டரிடம் போன கதை: கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். காகிதத்தில் கோடு நேராகப் போய், 4000 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் மட்டும் பள்ளமாக இறங்கியது. உரத்த சத்தத்தால் வருகிற சேதத்துக்கு அதுதான் கையெழுத்து மாதிரி. ஒரு மாதம் பயிற்சிக்கு லீவு. மறுபடி எடுத்தபோது பள்ளம் பாதி மேலே வந்திருந்தது. மீதிப் பாதி அப்படியே நிற்கிறது. அமைதியான ராத்திரியில் சில்வண்டு இன்னும் கத்துகிறதாம்.

இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்: இரைச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள். "அழுக்கு அடைச்சிருக்கும்" என்று நல்லெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காராதீர்கள். திடீர்ச் செவிட்டுக்கு ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது.

தடுக்க என்ன செய்யலாம்? பஞ்சு வேண்டாம். காதில் பஞ்சு வைத்தால் மனசுக்குத்தான் ஆறுதல், சத்தம் அவ்வளவாகக் குறையாது. ஃபோம் அடைப்பான் மலிவு. விரலால் மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்து, உள்ளே வைத்து, உப்பும்வரை அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். அரைகுறையாகச் செருகினால் வைத்ததும் ஒன்று, வைக்காததும் ஒன்று. "பாட்டு மூடினாப்பல கேக்குது மாமா" என்று பையன் முனகுவான். நியாயம்தான். இசைக்கலைஞர்களுக்கென்று எல்லாச் சுருதியையும் சமமாகக் குறைக்கிற அடைப்பான்கள் கிடைக்கின்றன. கிடார் வாங்கிக்கொடுத்தவர் அதையும் வாங்கிக்கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு தந்திரம். ஆம்ப்ளிஃபையரைத் தரையில் வைத்தால் அது முழங்காலுக்குப் பாடும். வாசிக்கிறவனுக்குச் சரியாகக் கேட்காது, திருகித் திருகிக் கூட்டுவான். அதை ஒரு நாற்காலியில், முகம் பார்த்துச் சாய்த்து வைத்தால் பாதிச் சத்தமே போதும். குடோன் சுவரில் பழைய இலவம்பஞ்சு மெத்தை, கம்பளி தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். வைக்கோல் கட்டை அடுக்க யோசித்தார்கள் நம் பையன்கள். ஒயரும் வைக்கோலும் ஒரே இடத்திலா? வேண்டவே வேண்டாம்!

கரண்ட் விஷயம்

காதாவது மெல்லப் போகும். இது ஒரே நொடி. 1972 மே 3-ம் தேதி, பிரிட்டனில் ஸ்வான்ஸி நகரத்து மேடையில், ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டார். ரசிகர்கள் முன்னாலேயே உயிர் போனது.

ஒரு கை கிடார் தந்தியில், உதடு மைக்கில். இரண்டும் உலோகம். ஏதோ ஒன்றில் கசிவு இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் பாயும். நம் ஊரில் இதோடு இரண்டு ஆபத்து கூடுதல். ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் நனைந்த திடலில் பந்தல் போட்டு, ஜெனரேட்டர் வைத்து நடத்துவது. மற்றது, மேடைக்கு மரியாதை என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவது! மரியாதை மனதில் இருக்கட்டும், காலில் காய்ந்த ரப்பர் அடி ஷூ இருக்கட்டும். ஆனால் ஷூவை மட்டும் நம்பக் கூடாது. மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் செருகுகிற ‘மூளைக்காரர்’ எல்லா ஊரிலும் ஒருவர் உண்டு. அவரைக் கிட்டவே சேர்க்காதீர்கள். எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் பார்த்து, கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறார்களா என்று கேட்ட பிறகே வாசிக்கச் சொல்லுங்கள். மைக்கைத் தொட்டதும் லேசாகச் ‘சுருக்’ என்றாலும் நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும். யாராவது ஒட்டிக்கொண்டால் தொடாதீர்கள்; மெயினை அணையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

பாடுகிற பிள்ளைக்கு ஒரு வரி: தொண்டை கட்டினால் கத்தவும் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, தண்ணீர், ஓய்வு. கரகரப்பு மூன்று வாரம் நீடித்தால் டாக்டர். கிடார் விரல் கொப்புளத்துக்கு மருந்தே வேண்டாம், காய்த்துவிடும்.

போன மாதம் பையன்களின் அடுத்த நிகழ்ச்சி. அக்காவும் அம்மாவும் வந்திருந்தார்கள். நாலு பேர் காதிலும் அடைப்பான். எர்த் பார்க்க எலெக்ட்ரீஷியன் வர முக்கால் மணி நேரம் ஆனது, கூட்டம் விசில் அடித்தது, பையன்கள் அசையவில்லை. அம்மாவை ஸ்பீக்கருக்கு நேர் எதிரே முதல் வரிசையில் மரியாதையாக உட்காரவைத்தார்கள். நான் கையைப் பிடித்துக் கடைசி வரிசைக்கு அழைத்துப் போனேன். இரண்டாவது பாட்டில் கேட்டார்: "எல்லாம் சரிடா, இவன் என்ன பாசையில பாடுறான்?"