சிதைவதுதான் அதன் வேலை

மருந்துக்கடையில் பழுப்பு நிறப் பாட்டிலில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு நிலையற்ற சேர்மம். தண்ணீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் உண்டு. இதிலோ ஆக்சிஜனும் இரண்டு. அந்த இரண்டு ஆக்சிஜன்களையும் சேர்த்துவைத்திருக்கும் ஒற்றைப் பிணைப்புதான் இதன் பலவீனம். அதை முறிக்க ஒரு மோலுக்குச் சுமார் 145 கிலோஜூல் போதும். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான ஒற்றைப் பிணைப்பை முறிக்க அதைப்போல் இரு மடங்குக்கு மேல் வேண்டும். பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியும்போது மோலுக்கு ஏறத்தாழ 98 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது. ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்தால் இது பெராக்சைடாகவே நீடிக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் கடை அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. எப்படி? சிதையும் போக்கு பொருளுக்குள்ளேயே இருக்கிறது. சிதையும் வேகத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அதனோடு சேர்ந்திருப்பவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் பெராக்சைடின் பயனும் புரியாது, ஆபத்தும் புரியாது.

இதற்கு வரலாறே சாட்சி. பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் 1818-இல் இதைக் கண்டறிந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள், தண்ணீரிலிருந்து முற்றிலும் பிரித்தெடுக்க முயன்றபோதெல்லாம் அது சிதைந்துபோனது. தூய பெராக்சைடு நிலைக்கவே நிலைக்காது என்ற எண்ணம் பரவியது. 1894-இல் ரிச்சர்ட் வோல்ஃபென்ஸ்டைன் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்துத் தூய பெராக்சைடைப் பெற்றுக் காட்டினார். அதுவரை காரியத்தைக் கெடுத்தவை கரைசலில் கலந்திருந்த உலோக உப்புகளின் துளி அளவு மாசுகள். தூய பெராக்சைடு வெளிர்நீலத் திரவம். தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி. உறைவது பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே. அது சிதைய வேண்டுமானால் முதலில் மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல் உயரமுள்ள ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். ஏரி நீர் நிற்பது பள்ளம் இல்லாததால் அல்ல, கரை இருப்பதால். இரும்பு, மாங்கனீசு, செம்பு போன்றவற்றின் அயனிகள் அந்தக் கரையை உடைக்கின்றன. ஒளியும் வெப்பமும் சிதைவை விரைவுபடுத்துகின்றன. பாட்டில் பழுப்பாக இருப்பதும், தயாரிப்பாளர்கள் நிலைப்படுத்தி சேர்ப்பதும் இதனால்தான்.

சிதையாத ஒரு பொருளையே தேடிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஆனால் பெராக்சைடை வாங்குவதே அது சிதையும் என்பதற்காகத்தான். பாட்டிலில் ‘20 வால்யூம்’ என்று போட்டிருந்தால், ஒரு லிட்டர் கரைசல் முழுதும் சிதைந்தால் 20 லிட்டர் ஆக்சிஜன் வரும் என்று பொருள். சரக்கின் வலிமையே சிதைவைக் கொண்டு அளக்கப்படுகிறது. பருத்தித் துணியை வெளுக்கும் தொட்டியில் காரமும் சூடும் பெராக்சைடைத் தூண்டுகின்றன. கூடவே சேர்க்கும் சோடியம் சிலிகேட் அதை அவசரப்படாமல் பிடித்துவைக்கிறது. வெளுத்து முடிந்ததும் மிஞ்சிய பெராக்சைடு சாயத்தைக் கெடுத்துவிடும் என்பதால், கேட்டலேஸ் என்ற நொதியைப் போட்டு அழிக்கிறார்கள். தொழிலில் இதற்குப் ‘பெராக்சைடு கில்லர்’ என்று பெயர். கடைசியில் எஞ்சுவது தண்ணீரும் ஆக்சிஜனும். காகிதக்கூழை வெளுக்கக் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினால் டையாக்சின் போன்ற நச்சுகள் உருவாகும்; பெராக்சைடில் அந்தத் தொல்லை இல்லை. அதே கேட்டலேஸ் நம் இரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கிறது. காயத்தில் ஊற்றியதும் பொங்கும் நுரை கிருமிகள் சாவதன் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நம் நொதி பெராக்சைடை உடைப்பதன் அடையாளம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1955 ஜூனில் போர்ட்லண்ட் துறைமுகத்தில் பிரிட்டனின் சைடன் நீர்மூழ்கியில் பெராக்சைடால் இயங்கும் டார்பிடோ வெடித்து 13 பேர் இறந்தனர். 2000 ஆகஸ்டில் பேரன்ட்ஸ் கடலில் ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கி 118 பேருடன் மூழ்கியது. டார்பிடோவிலிருந்து கசிந்த பெராக்சைடே தொடக்கம் என்றது அதிகாரபூர்வ விசாரணை. இத்தனை உயிர்களைக் குடித்த பொருளைச் ‘சூழல்தான் காரணம்’ என்று சொல்லித் தப்பவிடலாமா? இங்கே செறிவைக் கணக்கில் எடுக்க வேண்டும். மருந்துக்கடைக் கரைசலில் சிதைவின் வெப்பத்தைச் சுற்றியிருக்கும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. செறிவு 90 விழுக்காட்டை எட்டினால் தண்ணீர் மிகக் குறைவு. சிதைவு 700 டிகிரியைத் தாண்டிய நீராவியையும் ஆக்சிஜனையும் தரும். அந்த வெப்பம் மேலும் சிதைவைத் தூண்டும். மூடிய அறைக்குள் எரிபொருளுக்கு அருகே இப்படிப்பட்ட திரவத்தை வைப்பது சிறு தவறையும் பொறுக்காத ஏற்பாடு. பிரிட்டிஷ் கடற்படை அத்தகைய டார்பிடோக்களைக் கைவிட்டது சரியான முடிவு. அதே செறிந்த பெராக்சைடுதான் வினையூக்கியின் மேல் அளவோடு பாய்ந்து, சோயுஸ் ராக்கெட்டின் எரிபொருள் பம்புகளை இன்றும் சுழற்றுகிறது. மாறியது பொருளல்ல, அளவும் இடமும் சிதைவைத் தொடங்கிவைக்கும் முறையும்.

ஆகவே ஒரு சேர்மம் நிலையற்றது என்ற தகவல் பாதித் தகவல்தான். எந்தச் செறிவில், எதோடு சேர்ந்து, எவ்வளவு வேகத்தில் சிதையும் என்பவை மீதிப் பாதி. வீட்டில் வைத்திருக்கும் பாட்டிலுக்கும் இது பொருந்தும்: வெளியே ஊற்றிய கரைசலைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றக் கூடாது. அதோடு போகும் தூசியும் உலோகத் துகளும், அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கக்கூடிய சரக்கைச் சீக்கிரமே வெறும் தண்ணீராக்கிவிடும்.