பென் டிரைவில் வீட்டுக்கு வரும் இயங்குதளம்

கேரளத்துப் பள்ளிகளின் கணினி அறைகளில் பிள்ளைகள் பழகுவது குனு/லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில். பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வும் அதில்தான். 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' என்று தொடங்கிய திட்டம், 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. குனு/லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 18.04-ஐப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்றி, 2019-இல் தன் பதிப்பை வெளியிட்டது. 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்கு இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

தலைப்புச் செய்தியானது அந்தத் தொகைதான். அதைவிடப் பெரியது உரிமம் தரும் அனுமதி.

விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குப் பள்ளி செலுத்தும் கட்டணம் பொதுவாகப் பள்ளிக் கணினிகளோடு முடிந்துவிடும். மாணவி வீட்டில் அதையே நிறுவ வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும். வசதியில்லாத வீட்டில் திருட்டுப் பிரதிதான் ஓடும். கட்டற்ற இயங்குதளத்தை ஆசிரியரே பென் டிரைவில் போட்டுக் கொடுக்கலாம். அது சலுகை அல்ல, சட்டப்படியான உரிமை. 'இலவசம்', 'கட்டற்றது' என்று தமிழில் இரண்டு சொற்கள் இருப்பது இங்கே கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் குழப்பம் இன்றும் தீரவில்லை.

இந்த இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கருநிரல் 1992 முதல் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. நிரலை வெறுமனே ஓட்டுபவருக்கு அது எந்த நிபந்தனையும் விதிப்பதில்லை. மாற்றியோ மாற்றாமலோ பிறருக்குக் கொடுக்கும்போதுதான் கடமை வருகிறது: வாங்குபவருக்கு மூல நிரலும் அதே உரிமையும் கிடைக்க வேண்டும்.

ஆனால் ஓர் இயங்குதளம் முழுவதற்கும் ஒரே உரிமம் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஆயிரக்கணக்கான தொகுப்புகளின் கூட்டு. ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி என ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமம். வைஃபை சில்லுகளுக்கான சில கோப்புகளைப் பகிரலாம், திருத்த முடியாது. பெயரும் தனிச் சொத்து: உபுண்டுவை மாற்றி வெளியிடுபவர் அந்த வணிகப்பெயரைத் தன் விருப்பம்போல் ஒட்டிக்கொள்ள முடியாது.

தணிக்கைக்கு வருபவர் "லைசென்ஸ் எங்கே?" என்று கேட்டால் தலைமையாசிரியர் பீரோவைத் திறக்க வேண்டியதில்லை. உபுண்டுவிலும் அதன் மூலமான டெபியனிலும், ஒவ்வொரு தொகுப்பும் தன் உரிம விவரத்தை 'காப்பிரைட்' என்ற கோப்பாகக் கணினியிலேயே வைத்திருக்கிறது. அதைத் திறந்து காட்டினால் போதும்.