கணவரின் வேலை உடையே போர்வை!

ஒட்டுப்போர்வை தைக்கத் துணி எங்கே வாங்குவது? "கடையில்தான்!" என்பீர்கள்.

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் "ஜீஸ் பெண்ட்" என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் பரம ஏழைகள். துணி வாங்கக் காசு ஏது? கிழிந்த உடைகளும் மாவுச் சாக்குகளுமே அவர்களுடைய ஜவுளிக்கடை!

1972-ல் "சியர்ஸ்" கம்பெனிக்குத் தலையணை உறை தைத்தார்கள். அதில் மிஞ்சிய "கார்டுராய்" துண்டுகளும் போர்வை ஆயின.

அதற்கு முன், 1942-ல் நடந்தது இது. மிசூரி பெட்வே என்ற பெண் கணவரை இழந்தார். கணவரின் வேலை உடைகளை எடுத்து வெட்டினார். மகள் உதவினாள். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை தைத்தார்.

அந்தப் போர்வை இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

கணவரின் வியர்வை படிந்த துணி எந்தக் கடையில் கிடைக்கும்?