விசிறி பூட்டின பிளேன்

சென்னை வழியாக வந்த கனடா மச்சானைக் கூட்டிவரக் கொக்குவிலிலிருந்து பலாலி விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். வெளியே வந்ததும் வராததுமாக, "இந்தக் காலத்திலையும் ஃபேன் பூட்டின பிளேனோ?" என்றார்.

அவர் வந்தது ஏ.டி.ஆர் 72. 2019 நவம்பரில் இந்தத் தடத்தில் பறக்கத் தொடங்கிய அலையன்ஸ் எயாரும் 2024 செப்ரெம்பரில் வந்த இண்டிகோவும் கொண்டுவந்தது இதைத்தான். வெளியே விசிறி, உள்ளே ஜெற்றின் கூடப்பிறந்த டர்போபுறொப்.

முன்வாயால் புகும் காற்று அமுக்கப்படுகிறது. எரிபொருள் எரிய, சூடான வாயு சீறிப் பாய்ந்து டர்பைன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. இதுவரை ஜெற்றும் இதுவும் ஒன்றே. ஜெற்றில் மிச்ச வாயு பின்னால் பீறிட்டு விமானத்தைத் தள்ளும். இங்கோ கடைசி டர்பைன் அதன் பலத்தில் பெரும்பங்கை வாங்கி விசிறிக்குக் கொடுத்துவிடும்.

அந்த டர்பைன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20,000 முறை சுற்றும். கிட்டத்தட்ட 4 மீற்றர் விட்டமுள்ள விசிறி அப்படிச் சுற்றினால் இதழ்கள் சிதறிப்போகும். இடையிலுள்ள பல்சக்கரப் பெட்டி அதை 1,200 அளவுக்குக் குறைக்கிறது. என்னைக் கேட்டால், முழு இயந்திரத்திலும் கெட்டிக்காரப் பகுதி இந்தப் பெட்டிதான்.

ஜெற் கொஞ்சக் காற்றை மிக வேகமாகத் தள்ளும். விசிறி நிறையக் காற்றை ஆறுதலாகத் தள்ளும். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு வேகத்துக்கு இரண்டாவது வழிதான் சிக்கனம். சென்னை சுமார் 350 கிலோமீற்றர்; ஜெற் ஏறி நிமிர்வதற்குள் இறங்க வேண்டிவரும். தரை தொட்டதும் இதழ்களின் சாய்வைத் திருப்பினால் விசிறியே பிரேக்காகும். பலாலியின் குறுகிய ஓடுபாதைக்கு இது பெரிய உதவி.

இன்னொரு வேடிக்கை. நிற்கும் ஏ.டி.ஆரின் வலது விசிறி அசையாமல் இருக்க, இயந்திரம் மட்டும் இரையும். விசிறியைச் சுழற்றும் டர்பைனை மற்றவற்றோடு பிணைப்பது வாயு மட்டுமே, தண்டு அல்ல. ஆகவே விசிறியைப் பிடித்து நிறுத்திவிட்டு, உள்ளே ஏசிக்கும் மின்சாரத்துக்கும் இயந்திரத்தை ஓடவிடலாம்.

எயார் சிலோனின் அவ்ரோ 748இல் இரத்மலானைக்குப் பறந்த மூத்தவர்களுக்கு இந்த இரைச்சல் பழக்கம். அதன் றோல்ஸ் றொய்ஸ் டார்ட் இயந்திரமும் இதே குலம்தான்.

கொக்குவில் சந்தி வந்தபோது மச்சானுக்கு ஒன்றைச் சொன்னேன். அவர் குறை சொன்ன இயந்திரத்தைச் செய்வது பிறற் அண்ட் விற்னி கனடா. தலைமையகம் மொன்றியலுக்குப் பக்கத்தில்.