மலை இல்லாத ஊர்லேர்ந்து ஒரு மலை அல்ட்ரா

திருப்பதிக்கு நடந்து ஏறியிருக்கீங்களா? மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது அலிபிரி வழியா ஏறியிருப்பாங்க. சுமார் 3,550 படி, ஒன்பது கிலோமீட்டர். சரி, தரிசனம் முடிச்சு லட்டு வாங்கிட்டு எப்படி இறங்கினீங்க? பஸ்ல. கிட்டத்தட்ட எல்லாருமே பஸ்லதான். மலை ஓட்டத்துல நம்ம ஊர்க்காரங்களைக் கவுக்கிற விஷயம், அந்த பஸ் நமக்கு மிச்சம் பண்ணிக் கொடுத்த பாதிதான்.

முதல்ல அடிப்படை. மாரத்தான் 42.195 கி.மீ. அதைத் தாண்டின எந்த ஓட்டமும் அல்ட்ராமாரத்தான். 50, 100, 160 கி.மீ.ன்னு போகும். தென்னாப்பிரிக்காவுல 1921-லேர்ந்து நடக்கிற காம்ரேட்ஸ் ரோட்டுல ஓடறது. மலைப்பாதை அல்ட்ராவுக்கு இன்னிக்கு எல்லாரும் சொல்ற பேரு யூடிஎம்பி. 2003-ல ஆரம்பிச்சது. மோன் பிளாங் மலையைச் சுத்தி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியா சுமார் 170 கி.மீ. மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். எவரெஸ்ட்டோட உயரமே 8,849 மீட்டர்தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க. நம்ம நாட்டுல லடாக்குல கர்துங் லா கணவாயைத் தாண்டி 72 கி.மீ. ஓடுறாங்க. நம்ம பக்கத்துலயே நீலகிரி, ஏற்காடு, ஜவ்வாது மலைகள்ல அல்ட்ரா ஓட்டங்கள் நடந்திருக்கு.

இதுக்கெல்லாம் சென்னையிலேர்ந்து போக முடியுமா? போயிருக்காங்க. பெல்ஜியத்துலேர்ந்து வந்து சென்னையில செட்டில் ஆன பீட்டர் வான் கைட், 2008-ல சென்னை டிரெக்கிங் கிளப்பைத் தொடங்கினவர். பின்னாடி சின்ன பையை மாட்டிக்கிட்டு இமயமலைக் கணவாய்களைத் தனியா ஓடியே கடந்தார். ஆக, ஊர் தட்டையா இருக்கிறது ஒரு சாக்கு இல்லை. ஆனா எது சென்னையில கிடைக்கும், எது கிடைக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கிளம்பணும்.

ஏற்றம் கிடைக்கும். உங்க எடை 60 கிலோன்னா 1,000 மீட்டர் ஏற mgh கணக்குப்படி 588 கிலோஜூல், அதாவது சுமார் 140 கிலோகலோரி. தசையோட எஃபிஷியன்சி கிட்டத்தட்ட 25 சதவீதம், அதனால உடம்பு எரிக்கிறது 560. யூடிஎம்பிக்கு இதைப் பத்தால பெருக்கிக்கோங்க. பயமா இருக்கும். ஆனா இது முழுக்க இதயம், நுரையீரல் சம்பந்தப்பட்ட வேலை. அதைப் படிக்கட்டுலயே பழக்கலாம். திருமயிலை, மந்தைவெளி, கோட்டூர்புரம்னு பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிகள் இருக்கு. தி.நகர் ஸ்கைவாக் ஏறி 570 மீட்டர் நடந்து இறங்கலாம் (தீபாவளி சீசன்ல வேண்டாம், அது வேற மாதிரி அல்ட்ரா). நாலு மாடி ஹாஸ்டல் சுமார் 12 மீட்டர் உயரம்னு வச்சா 1,000 மீட்டருக்கு 80 தடவைக்கு மேல ஏறணும். போர் அடிக்கும். அந்த போரைத் தாங்கறதும் அல்ட்ராவுக்கு ஒரு பயிற்சிதான். இன்னொண்ணு, செங்குத்தான ஏற்றத்துல பெரிய ஓட்டக்காரங்களே தொடையில கை ஊணி நடக்கத்தான் செய்வாங்க. வெட்கப்பட வேண்டாம்.

இப்ப இறக்கத்துக்கு வருவோம். 2002-ல இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் டிரெட்மில்லை சாய்ச்சு அளந்து பார்த்தாங்க. சமதளத்துல ஓட ஒரு கிலோ எடைக்கு ஒரு மீட்டருக்கு சுமார் 3.4 ஜூல் ஆகுது. 20 சதவீத இறக்கத்துல அது சுமார் 1.7. பாதி விலை! மூச்சு வாங்காது, ஜாலியா இருக்கும். ஏமாத்துறதே அங்கதான். ஏறும்போது தொடை முன்தசை சுருங்கி வேலை செய்யுது. இறங்கும்போது அதே தசை, சுமையைத் தாங்கிக்கிட்டே நீளுது. அதாவது பிரேக் பிடிக்குது. இதுக்கு எக்சென்ட்ரிக் கன்ட்ராக்‌ஷன்னு பேரு. தசை நார்ல நுணுக்கமான சேதம் வர்றது முக்கியமா இதுலதான். வலி உடனே வராது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் உச்சத்துக்குப் போகும். ஆனா பலம் அன்னிக்கே போயிடும். 50 கி.மீ. ரேஸ்ல முதல் பெரிய இறக்கத்துல பறந்தவங்க, 35-வது கி.மீ.ல சின்ன பாறையிலேர்ந்து இறங்கவே பக்கவாட்டுல திரும்பிக் காலை வைப்பாங்க.

படியில நாங்களும் இறங்கறோமேன்னு கேப்பீங்க. உதவும். லிஃப்ட்ல இறங்காதீங்க. ஆனா 12 மீட்டர் இறங்கினதும் திரும்பி ஏறும்போது தசைக்கு ரெஸ்ட் கிடைச்சுடுது. மலையில விடாம அரை மணி, ஒரு மணி நேரம் இறக்கம்தான்.

நல்ல செய்தியும் இருக்கு. ஸ்டீலுக்கு ஃபெடிக் வந்தா அது கூடிக்கிட்டேதான் போகும்னு படிச்சிருக்கோம். தசை அப்படி இல்லை. ஒரு தடவை நல்லா அடி வாங்கினா, அடுத்த சில வாரத்துக்கு அதே வேலையில சேதம் ரொம்பக் குறையும். ஒரே ஒரு தடவை போதும்கிறதுதான் இதுல ஆச்சரியம். அதனால ரேஸுக்கு மூணு வாரம் முன்னாடி ஒரு வீக்எண்டை மலைக்கு ஒதுக்குங்க. சென்ட்ரல்லேர்ந்து ஜோலார்பேட்டைக்கு ரயில், அங்கேர்ந்து ஏலகிரி. ரோட்டுல 14 ஹேர்பின் வளைவு. மேல வரைக்கும் பஸ்லயே போங்க, இறங்கறதை மட்டும் ஓடுங்க. விடியற்காலையில, எதிர்ல வர்ற வண்டி தெரியற பக்கமா, காதுல இயர்போன் இல்லாம.

சாப்பாடு சுருக்கமா. உடம்புல சேமிப்பா இருக்கிற கார்போஹைட்ரேட் சுமார் 2,000 கிலோகலோரிதான், மிச்சத்தை ஓடும்போதே தின்னணும். மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட் ஒரு நல்ல இலக்கு. ரெண்டு மூணு வாழைப்பழம் மாதிரி. கடலை மிட்டாய், உப்பு போட்ட உருளைக்கிழங்கு எல்லாம் ஓகே. வயித்துக்கும் முன்கூட்டியே பழக்கம் வேணும். தண்ணியை மட்டும் குடிச்சுக்கிட்டே இருக்காதீங்க. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ரத்தம் கொடுத்த ஓட்டக்காரங்கள்ல 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பைவிடக் குறைஞ்சிருந்தது. அளவுக்கு மீறி நீர் குடிச்சதுதான் அதுக்குப் பெரிய காரணம்.

வெயில் விஷயத்துல நாம அதிர்ஷ்டசாலிங்க. பத்து, பதினாலு நாள் வெக்கையில ஓடினாலே ரத்தத்துல பிளாஸ்மா அளவு கூடும், வேர்வை சீக்கிரம் வரும். பெசன்ட் நகர் பீச் ரோட்டுல மே மாசம் ஓடறவங்களுக்கு இது இலவசம்.

சென்னையில எந்தப் படிக்கட்டுலயும் கிடைக்காதது குளிர். 1,000 மீட்டர் ஏறினா வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர். அங்க மழையும் காத்தும் சேர்ந்தா என்ன ஆகும்னு நம்ம உடம்புக்கு அனுபவமே கிடையாது. அனுபவம் இருக்கிறவங்களே தப்பிக்கல. 2021 மே 22, சீனாவோட கான்சு மாகாணத்துல 100 கி.மீ. மலை ஓட்டம். 172 பேர் கிளம்பினாங்க. நிறைய பேர் டி-ஷர்ட், ஷார்ட்ஸ்ல. மதியம் வாக்குல மலை மேல திடீர்னு ஆலங்கட்டி மழை, சூறைக்காத்து. 21 பேர் செத்துப் போனாங்க. சீனாவோட முன்னணி அல்ட்ரா ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் அதுல ஒருத்தர். ஆடு மேய்க்கிற ஒருத்தர் தான் ஒதுங்கியிருந்த குகைக்குள்ள கொண்டுபோய், நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாத்தினார். காத்தைத் தடுக்கிற ஜாக்கெட் அந்த ரேஸ்ல கட்டாயம் இல்லை.

இது எப்படி நடக்குது? மணிக்கு 600 கிலோகலோரி எரிச்சு ஓடினா அது சுமார் 700 வாட். அதுல முக்கால்வாசி, 500 வாட்டுக்கு மேல, வெறும் சூடு. ஓடற வரைக்கும் நீங்களே ஒரு ஹீட்டர். தொடை செத்து நடக்க ஆரம்பிச்சதும் ஹீட்டர் அணையுது. ஆனா நனைஞ்ச துணியும் காத்தும் சூட்டை உறிஞ்சிக்கிட்டேதான் இருக்கும். இறக்கத்தை அலட்சியம் பண்ணினது இங்க வந்து உயிரைக் கேக்குது.

அதனால என் கருத்து இதுதான்: ஸ்டார்ட்டிங் லைன்ல உங்க பையைத் திறந்து ஜாக்கெட், ஃபாயில் போர்வை, விசில், டார்ச் இருக்கான்னு பார்க்காத மலை ரேஸுக்குப் பணம் கட்டாதீங்க. மெடல் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. ஜாக்கெட் 200 கிராம்தான், பைக்குள்ள கிடந்துட்டுப் போகட்டும்.

தனியா பயிற்சிக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. காப்புக்காட்டுல அனுமதி இல்லாம ஓடாதீங்க. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீ மலையேறப் போனவங்க பல பேரோட உயிரைப் பறிச்சது. அதுக்கப்புறம் விதிகள் இறுகிடுச்சு. 2024-ல வனத்துறை ‘டிரெக் தமிழ்நாடு’ன்னு 40 பாதைகளைத் திறந்து ஆன்லைன் புக்கிங் கொண்டுவந்தாங்க. கூட ஒரு கைடு வருவார், அதனால அங்க ஓட முடியாது, நடக்கலாம். பெரும்பாலும் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவங்கதான் கைடா வருவாங்க. இறக்கத்துல அவங்க காலை எப்படி வைக்கிறாங்கன்னு பின்னாடியே போய்ப் பாருங்க: சின்னச் சின்ன அடி, முழங்கால் லேசா மடங்கியிருக்கும், பார்வை ரெண்டு மூணு அடி முன்னாடி.