கூரை மடக்கும் மைனர்

மைனர் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருகிற ஆசாமி வேறு. சில்க் ஜிப்பா, கழுத்தில் தங்கச் சங்கிலி, விரல் கொள்ளாத மோதிரம், தகப்பனார் வைத்துவிட்டுப் போன நஞ்சையைக் காணி காணியாக விற்றுத் தீர்க்கும் கை! நான் சொல்ல வந்த மைனர் அவர் அல்ல. இவர் பரம சாது; சிக்கனக்காரர்; மனைவி மக்களோடு கடற்கரைக்குப் போய் வருவதற்கென்றே பிறந்தவர். இங்கிலாந்து தேசத்து மாரிஸ் மைனர் காரைத்தான் சொல்கிறேன். அதிலும், துணிக் கூரையைப் பின்னால் மடக்கிவிட்டு வானத்தைப் பார்த்தபடி போகக்கூடிய ரகத்தை.

1948-ஆம் வருஷம் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் மைனர் முதன்முதலாகத் தலைகாட்டிற்று. அதை உருவாக்கியவர் அலெக் இஸிகோனிஸ். வேலை முடிகிற தறுவாயில் அவருக்கு ஒரு சந்தேகம்: வண்டிக்கு அகலம் போதவில்லையோ? மாதிரி வண்டியை மூக்கிலிருந்து வால் வரை இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குல இடைவெளியில் திருப்தி அடைந்தார். அந்த 4 அங்குலத் தழும்பு பானெட்டின் நடுவே ஒரு பட்டையாக இன்றும் தெரியும். முதலாளி நப்பீல்டு பிரபுவுக்கு வண்டியைக் கண்டாலே பிடிக்கவில்லை. ஓட்டை உடைத்துத் தண்ணீரில் வேக வைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. 16 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றன. அவற்றில் கூரை மடக்கும் ரகம் சுமார் 75,000தான். 1969-இல் அந்த ரகத்தை நிறுத்திவிட்டார்கள்.

அப்படிப்பட்ட வண்டி ஒன்று தோட்டத்துக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் பல வருஷம் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். பேரப்பிள்ளை ஒருவனுக்கு அதை எழுப்பி ஓட்ட ஆசை வருகிறது. எதற்குப் பயப்பட வேண்டும்?

எஞ்சினுக்குப் பயப்பட வேண்டாம். 1952 முதல் மைனரில் பொருத்திய 'ஏ-சீரிஸ்' எஞ்சினின் வம்சம் மினி காரில் 2000-ஆம் வருஷம் வரை தொடர்ந்து வந்தது. அதற்குப் பாகங்கள் கிடைப்பதில் கஷ்டமே இல்லை. தகடுகளும் அப்படித்தான். இதில் நமக்குப் பக்கத்து ஊர்ச் சம்பந்தம் ஒன்று உண்டு. பாத் நகரத்தில் மைனர்களுக்கென்றே பட்டறை நடத்திய சார்லஸ் வேர் என்பவர், நல்ல காரைத் தூக்கி எறிந்து புதிது வாங்குவதைவிடக் காலமெல்லாம் பழுது பார்த்து வைத்துக் கொள்வதே லாபம் என்று பிரசாரம் செய்தவர். புத்தகமே எழுதினார். 1990-களில் அவருடைய முயற்சியால் தென்னிலங்கையில் ஒரு தொழிற்சாலை எழும்பி, மைனருக்கு வேண்டிய தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. மைனர் பிறந்த நாட்டுக்கே அதன் உறுப்புகள் கப்பலேறிப் போன வேடிக்கையைப் பாருங்கள்! இலங்கைக்காரர்களுக்கு இந்த வண்டியின் நாடி நன்றாகத் தெரியும். 1990-களில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராமல் தடைப்பட்ட காலத்தில், பழைய மாரிஸும் ஆஸ்டினும் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில சொட்டுப் பெட்ரோல்.

பயப்பட வேண்டியது வண்டியின் உட்புறத்துக்கு. மூடிய காரில் மழை வெளியே பெய்யும். துணிக் கூரைக் காரிலோ, கூரை கிழிந்த நாளிலிருந்து உள்ளேயும் பெய்யும். சீட்டு நனையும், கதவின் உட்பலகை உப்பும், தரை விரிப்புக்கு அடியில் கிடக்கும் கம்பளித் தடுக்கு தண்ணீரைக் குடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் தகட்டை அரிக்கும். ஆகவே வண்டி பார்க்கப் போகிறவர் பளபளப்பில் மயங்காமல், முதலில் விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் "அதெல்லாம் எதற்கு ஸார்?" என்று கேட்டால் இரண்டு முறை தூக்கிப் பார்க்க வேண்டும்!

பார்க்க வேண்டிய விஷயம் இன்னொன்றும் உண்டு. இது உயிர் சம்பந்தப்பட்டது. மைனருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது, உடம்பேதான் சட்டம். மூடிய வண்டியில் கூரையும் சேர்ந்து பாரம் தாங்குகிறது. கூரை இல்லாத ரகத்துக்கு அந்தப் பலத்தை ஈடுகட்ட, டாஷ்போர்டுக்கு அடியிலும் கதவுத் தூண்களிலும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டிலும் தொழிற்சாலையிலேயே கூடுதல் இரும்பு வைத்துப் பற்றவைத்தார்கள். திறந்த வண்டிக்கு விலை அதிகம் என்றதும், சிலர் மூடிய வண்டியின் கூரையை அறுத்தெறிந்துவிட்டுத் துணியைப் போர்த்தி விற்கத் தொடங்கினார்கள். கூடுதல் இரும்பு இல்லாத அந்த வண்டி, நாலு பேர் ஏறியதும் நடுவில் தொய்யும்; கதவு சாத்தாது, அல்லது ஓடும்போது தானே திறந்துகொள்ளும். பின் சீட்டில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இது! மைனர் 1000 வண்டிகளில் சேஸிஸ் எண்ணின் தலையெழுத்து 'எம்.ஏ.டி.' (MAT) என்று இருந்தால் அது பிறவியிலேயே திறந்த வண்டி. ஆனால் எண் தகட்டைக் கழற்றி மாட்ட ஒரு திருப்புளி போதுமே! கண்ணால் இரும்பைப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். 2018 மே மாதம் முதல் பிரிட்டனில், பெரிய மாறுதல் செய்யப்படாத 40 வருஷத்து வண்டிகளுக்கு வருஷாந்திரப் பரிசோதனை கட்டாயமில்லை. சர்க்கார் பார்க்காததைச் சொந்தக்காரர்தான் பார்த்துக் கொள்ள வேண்டும்.

பெட்டித் தகடு இற்றிருந்தால் அறுத்துப் புதிதாகப் போட வேண்டியதுதான். அறுப்பதற்கு முன்னால் கதவு இருக்கும் வாசலின் குறுக்கே இரும்புக் கம்பியைப் பற்றவைத்து முட்டுக் கொடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வண்டி அப்படியே மடிந்து உட்கார்ந்துவிடும். கூரையை மடக்கலாம், காரையே மடக்கக் கூடாது!

இனி உள் அலங்காரம். இங்கேதான் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். நாறிப்போன சீட்டு, கிழிந்த ரெக்ஸின், உளுத்த பலகை எல்லாவற்றையும் முதல் நாளே பெருக்கி எரித்துவிட்டு, புதுசு வாங்கிக் கொள்ளலாம் என்று கை தட்டிக்கொள்கிறார்கள். பாதி சாமான் வாங்கலாம், வாஸ்தவம். ஸபோக் ஜில்லாவில் லீஸ்டன் என்ற ஊரில் உள்ள நியூட்டன் கமர்ஷியல் கம்பெனி, இந்த மாதிரிப் பழைய கார்களுக்குப் பழைய மாதிரியே சீட் உறையும் கதவுப் பலகையும் விரிப்பும் செய்து பேர் வாங்கியது. முன் சீட்டும் கதவுப் பலகையும் இரண்டு கதவு மூடிய மைனருக்கும் இதற்கும் பொது. ஆகவே உடைத்துப் பிரித்த வண்டிகளிலிருந்தும் கிடைக்கும். திறந்த வண்டிக்கு மட்டுமே உரியவைதான் தொல்லை. மடங்கிய கூரைக்கு இடம் விட வேண்டியிருப்பதால் இதன் பின் சீட்டு குறுகலானது. அதன் இரு பக்கத்துப் பலகைகளும் தனி வடிவம். கூரையைத் தாங்கும் இரும்பு விலாக்கள், கண்ணாடிக்கு மேலே துணியை ஆணியடிக்கும் மரச்சட்டம், இவற்றுக்கெல்லாம் மூடிய வண்டியில் ஜோடி கிடையாது.

எனவே உளுத்த சட்டம்தான் ஆசாரிக்கு அளவு. உப்பிப்போன பலகைதான் புதுப் பலகையை அறுக்க அச்சு. நைந்துபோன உறையைத் தையல் பிரித்து விரித்தால் தையற்காரருக்கு அதுவே படம். எந்த ஆணி எந்த ஓட்டையில் இருந்தது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்து, சீட்டு எழுதிக் கட்டி, தனித் தனிப் பையில் போட்டு வைக்கிறவன் பிழைத்தான். புதுச் சாமான் வந்து பொருந்துகிற வரையில் பழைய கந்தலைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்ற வேண்டும்.

நிறத்தைப் பற்றித் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. வார்விக்ஷயரில் கேடன் என்ற ஊரிலுள்ள மோட்டார் மியூஸியத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பாதுகாத்து வருகிறார்கள். கட்டணம் கட்டினால், வண்டி எந்தத் தேதியில் முடிந்தது, என்ன வர்ணம், உள்ளே என்ன நிறம் என்று பதிவேட்டில் உள்ளபடி சான்றிதழ் தருவார்கள். வண்டிக்கு ஜாதகம் என்று சொல்லலாம்.

பழைய தோல் சீட்டு வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். தோல் என்றாலும், உட்காரும் இடத்தில் மட்டுமே நிஜத் தோல், பக்கமெல்லாம் ரெக்ஸின். மாரிஸ் கம்பெனி சிக்கனமான கம்பெனி! குதிரைச் சேணத்துக்குப் போடும் சோப்பால் துடைத்து, கிழிசலுக்குப் பின்புறம் ஒட்டுத் துணி வைத்து, நிறம் ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டு தலைமுறை உட்கார்ந்து பழகின தோலைப் புது உறைக்காக உரித்துப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. பார்வைக்குக் கொஞ்சம் சுருக்கம் இருந்தால் என்ன? பாட்டியின் முகத்தில் சுருக்கம் இல்லையா?

கதவுப் பலகையை மாட்டுவதற்கு முன் அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிட்டால், கண்ணாடி வழியே இறங்கும் மழைத் தண்ணீர் பலகையைத் தொடாது. காசு பெறாத காரியம், பலர் செய்வதில்லை.

கூரைத் துணி கடைசியில்தான். ஆனால் இரும்பு விலாக்களை மட்டும் பெயிண்டு அடிப்பதற்கு முன்பே ஒரு தடவை மாட்டி மடக்கிப் பார்த்துவிட வேண்டும். பிறகு இடித்தால் புதுப் பெயிண்டு போகும். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துத் துணியை விரித்து வைத்தால் இளகிக் கொடுக்கும். குளிரில் அது விறைத்துக்கொண்டு ஒரு அங்குலம் குறைவது போலத் தோன்றும். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி இழுத்து, முதலில் பாதி ஆணி மட்டும் அடித்து, சுருக்கமெல்லாம் போன பிறகு முழுக்க அடிக்க வேண்டும். ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை பிடிக்கும். குளிரில் மடக்கினால் பின்புறத்துப் பிளாஸ்டிக் ஜன்னல் வெடிக்கும். எல்லாம் முடிந்த பிறகும், துணி இறுகிப் படிகிற வரையில் சில நாள் கூரையை மூடியே வைத்திருக்க வேண்டும். வீட்டிலுள்ள குழந்தைகள் "எப்போது திறப்பது, எப்போது திறப்பது?" என்று பிராணனை வாங்குவார்கள். பல மாதம் பொறுத்தவர்கள் இன்னும் நாலு நாள் பொறுத்துக் கொள்ளட்டும்.